லாரி பேட்டரி ஏன் கொதிக்குது? - ஒரு நூறு வருஷத்துக் கதை

சார்ஜ் ஏறாத வண்டி நடுரோட்டுல நின்னுடும். டிரைவர் கத்துவார், ஓனர் அதைவிட அதிகமா கத்துவார், ஆனா கோளாறு என்னன்னு அன்னைக்கே தெரிஞ்சுடும். சார்ஜ் அதிகமா ஏறுற வண்டி அப்படி இல்லை. அது நல்லாவே ஓடும். ஹெட்லைட் வழக்கத்தைவிடப் பளிச்சுன்னு எரியும், ஹாரன் கணீர்னு அடிக்கும். டிரைவருக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் பல்பு ஒவ்வொண்ணா போக ஆரம்பிக்கும். பேட்டரிக்கு மாசம் ஒரு தடவை ஊத்தின டிஸ்டில்ட் வாட்டரை வாரம் ஒரு தடவை ஊத்த வேண்டி வரும். பேட்டரிப் பெட்டி பக்கம் போனா அழுகின முட்டை நாத்தம். கடைசியா ஒரு விடிகாலையில, லோடு ஏத்தி நிக்கிற வண்டியில சாவியைத் திருப்பினா 'டக்'னு ஒரு சத்தம். அவ்வளவுதான்.

புதுசா ரெண்டு பேட்டரி வாங்கிப் போடுவாங்க. அதையும் அதே ஆல்டர்நேட்டர் அவிச்சு எடுத்துடும்.

ஆட்டோ எலக்ட்ரிக் கடைகள்ல இதுக்குப் பேரு 'ஓவர் சார்ஜ்'. இந்த நோய்க்கு நூறு வயசுக்கு மேல ஆகுது. ஒவ்வொரு தலைமுறை மெஷினும் "இதை நான் தீர்த்து வைக்கிறேன்"னு வந்து, ஒரு பக்கம் தீர்த்துட்டு இன்னொரு பக்கம் புதுசா ஒரு ஓட்டையை விட்டுட்டுப் போயிருக்கு. இதுல என்ன கொடுமைன்னா, ஒரு தலைமுறை மெக்கானிக் கஷ்டப்பட்டுக் கத்துக்கிட்ட வித்தை, அடுத்த தலைமுறை வண்டியை எரிச்சிருக்கு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். எலக்ட்ரிகல் படிச்ச மக்கள் பொறுத்துக்கங்க, மத்தவங்களுக்காகக் கொஞ்சம் அடிப்படையிலேர்ந்து வர்றேன்.

ஈயத் தகடும் கந்தக அமிலமும் வச்சு, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏத்தக்கூடிய பேட்டரியை 1859-ல காஸ்டன் பிளாண்டேங்கிற பிரெஞ்சுக்காரர் செஞ்சு காட்டினார். இன்னைக்கு லாரிக்கு அடியில தொங்குறதும் அதே குடும்பம்தான். ஒரு செல் ரெண்டு வோல்ட். ஆறு செல் சேர்ந்தா 12 வோல்ட் பேட்டரி. பெரிய டீசல் இன்ஜினைச் சுத்திவிட ஏகப்பட்ட சக்தி வேணும். வோல்டேஜை ரெண்டு மடங்காக்கினா அதே சக்திக்குப் பாதி கரண்ட் போதும், கேபிளும் சூடாகாது. அதனால ரெண்டு பேட்டரியைச் சீரீஸ்ல கட்டி 24 வோல்ட் ஆக்கிடுவாங்க. மொத்தம் பன்னெண்டு செல்.

இந்தப் பன்னெண்டு செல்லுக்கும் சார்ஜ் ஏறணும்னா சுமாரா 27.5-லேர்ந்து 28.5 வோல்ட் வரை கொடுக்கணும். செல்லுக்கு 2.4 வோல்ட்டைத் தாண்டினா, அதாவது மொத்தம் 28.8-க்கு மேல போனா, பேட்டரிக்குள்ள இருக்கற தண்ணி ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு பிரிஞ்சு குமிழ் குமிழா வெளியேறும். அதைத்தான் நம்ம ஆளுங்க 'பேட்டரி கொதிக்குது'ன்னு சொல்றாங்க. உண்மையில அது கொதி இல்லை, மின்பகுப்பு. பத்தாங்கிளாஸ் கெமிஸ்ட்ரி. ரொம்பக் கம்மியா கொடுத்தா பேட்டரி அரைவயித்தோட கிடந்து, பிளேட்டுல சல்பேட் படிஞ்சு சாகும். ஆக, நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவுல நமக்கு இருக்கற இடம் ஒரு வோல்ட், இல்லைன்னா ஒண்ணரை வோல்ட்.

இந்தப் பக்கம் இன்ஜினைப் பாருங்க. ஐடிலிங்ல நிமிஷத்துக்கு 600 சுத்து, மிதிச்சா 2000-த்தைத் தாண்டும். கரண்ட் எடுக்கற மெஷின் அந்த இன்ஜின்ல பெல்ட் போட்டுச் சுத்துது. அதை அதோட இஷ்டத்துக்கு விட்டா வேகம் ஏற ஏற வோல்டேஜும் ஏறிக்கிட்டே போகும். மூணு நாலு மடங்கு மாறுற வேகத்தை வச்சுக்கிட்டு, ஒரு வோல்ட் இடைவெளிக்குள்ள நிக்கணும். இதான் பிரச்சினை. நூறு வருஷமா இதே பிரச்சினைதான்.

1912-ல காடிலாக் காருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்துது, சார்லஸ் கெட்டரிங் பண்ணின வேலை. அதுக்கு முன்னாடி கைப்பிடியைப் போட்டுச் சுத்தணும். திருப்பி அடிச்சா மணிக்கட்டு போச்சு. செல்ஃப் வந்ததும் பேட்டரி கட்டாயமாச்சு, பேட்டரி வந்ததும் அதை நிரப்ப டைனமோ கட்டாயமாச்சு, கூடவே ஓவர் சார்ஜும் வந்து உக்காந்துடுச்சு.

அப்போ கண்டுபிடிச்ச வைத்தியம்தான் மூணாவது பிரஷ். டைனமோவுக்கு வழக்கமா ரெண்டு கார்பன் பிரஷ். மூணாவதா ஒண்ணை நடுவுல ஒரு இடத்துல வச்சு, காந்தத்தை உண்டாக்குற பீல்டு காயிலுக்கு அங்கேர்ந்து கரண்ட் கொடுத்தாங்க. ஆர்மேச்சர்ல கரண்ட் அதிகமாக ஆக, உள்ளே இருக்கற காந்தப்புலம் ஒரு பக்கமா கோணிக்கும். கோணிக்கிட்டா மூணாவது பிரஷ்ல கிடைக்கிற வோல்டேஜ் குறையும், பீல்டு பலவீனமாகும், கரண்ட் தானா அடங்கும். ரிலே கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. ரொம்ப அழகான யோசனை. எனக்கு இந்த மூணாவது பிரஷ் மேல ஒரு தனிப் பாசமே உண்டு.

ஆனா அதுல ஒரு ஓட்டை. அது கட்டுப்படுத்தினது கரண்ட்டை. வோல்டேஜை இல்லை. பேட்டரி காலியா இருக்கா, ரொம்பி வழியுதான்னு அதுக்குக் கவலையே கிடையாது. அதே அளவு கரண்ட்டைத் தள்ளிக்கிட்டே இருக்கும். வயிறு நிறைஞ்ச பிள்ளைக்கு ஊட்டிக்கிட்டே இருக்கற பாட்டி மாதிரி. பகல்ல லைட் போடாம நூறு மைல் ஓட்டினா பேட்டரி கொதிச்சுடும். அதனால அமெரிக்காவுல தூரப் பயணம் போற டிரைவர்கள் பட்டப்பகல்ல ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டினாங்க. எதுக்குன்னா, வர்ற கரண்ட் எங்கேயாவது செலவாகட்டும்னு. கோடைக்கு ஒரு அளவு, குளிர்காலத்துக்கு ஒரு அளவுன்னு அந்தப் பிரஷை நகர்த்தி வைக்கிறதும் வழக்கமா இருந்துது. பேட்டரி ஒயர் கழண்டுச்சுன்னா வோல்டேஜ் எகிறி, பீல்டு காயில் கருகிடும்.

அடுத்து வந்தது ரெகுலேட்டர் பெட்டி. வோல்டேஜை நேரடியாக் கவனிக்கிற ஒரு மின்காந்தம், அதை எதிர்த்து இழுக்கிற ஒரு ஸ்பிரிங், நடுவுல ஒரு ஜோடி பாயிண்ட். வோல்டேஜ் அளவைத் தாண்டினா காந்தம் ஜெயிச்சு பாயிண்டைப் பிரிக்கும். பீல்டு கரண்ட் ஒரு ரெசிஸ்டன்ஸ் வழியாச் சுத்திக்கிட்டுப் போகும், வோல்டேஜ் இறங்கும். இறங்கினதும் ஸ்பிரிங் ஜெயிக்கும். இந்த இழுபறி ஒரு செகண்டுக்குப் பல பத்துத் தடவை நடக்கும். காதை வச்சுக் கேட்டா 'ர்ர்ர்'னு வண்டு மாதிரி சத்தம் வரும்.

இங்கிலாந்துல லூகாஸ் கம்பெனி 1930-கள்லேயே இந்த வோல்டேஜ் கண்ட்ரோல் பெட்டிகளைப் போட ஆரம்பிச்சுது. ஆர்.பி. 106-னு ஒரு பெட்டி பழைய அம்பாசடர் மெக்கானிக்குகளுக்கு நல்லாத் தெரியும். அதுக்குள்ள ரெண்டு காயில். ஒண்ணு ரெகுலேட்டர். இன்னொண்ணு கட்அவுட், அதாவது இன்ஜின் மெதுவா ஓடும்போது பேட்டரி கரண்ட் திரும்பி டைனமோவுக்குள்ள பாயாம தடுக்கிற காவல்காரன். பின்னால வந்த ஆர்.பி. 340-ல மூணு காயில்: கட்அவுட், வோல்டேஜுக்கு ஒண்ணு, கரண்ட்டுக்கு ஒண்ணு. (லூகாஸுக்கு 'இருட்டின் இளவரசன்'னு இங்கிலீஷ்காரங்க வச்ச பட்டப்பேரு உலகப் பிரசித்தம். ராத்திரியில லைட் அணைஞ்சு தவிச்சவங்க வச்ச பேரு.) அந்த லூகாஸும் டி.வி. சுந்தரம் அய்யங்கார் நிறுவனமும் சேர்ந்து 1961-ல ஆரம்பிச்சதுதான் சென்னை பாடியில இருக்கற லூகாஸ் டி.வி.எஸ். அசோக் லேலண்டு எண்ணூர்ல, லூகாஸ் பாடியில. லாரியோட உடம்பு ஒரு ஊர்ல, நரம்பு இன்னொரு ஊர்ல.

அந்தப் பெட்டி எப்படிக் கெட்டுப் போகும்னு பாருங்க, அங்கதான் விஷயம் இருக்கு. பாயிண்ட் தீப்பொறி பட்டு ஒட்டிக்கிச்சுன்னா பிரியவே பிரியாது. பீல்டுக்கு முழுக் கரண்ட், ஓவர் சார்ஜ். வோல்டேஜைக் கவனிக்கிற மெல்லிய காயில் அறுந்துச்சுன்னா காந்தமே வராது. அதே ஓவர் சார்ஜ். பெட்டியோட எர்த் ஸ்க்ரூ துருப்பிடிச்சா காயிலுக்கு வோல்டேஜ் கம்மியாத் தெரியும். "இன்னும் பத்தலை போல"ன்னு நினைச்சு ஏத்திக்கிட்டே போகும். மறுபடியும் ஓவர் சார்ஜ். ஒரே ஒரு விதியை ஞாபகம் வச்சுக்கங்க, கடைசி வரைக்கும் உதவும்: ரெகுலேட்டருக்குப் பார்வை மங்கினா, அது கம்மியாப் போடாது, அதிகமாத்தான் போடும்.

அந்தக் காலத்து எலக்ட்ரீஷியன்கள் இதுல விற்பன்னர்கள். கட்அவுட் பாயிண்டுக்கு நடுவுல ஒரு துண்டு பேப்பரைச் செருகி, பேட்டரியைப் பிரிச்சு, டைனமோவை ஓட்டி, மீட்டரைப் பார்த்துக்கிட்டே ஸ்க்ரூவைத் திருப்புவாங்க. அதுவும் அரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும். அதுக்கு மேல போனா காயில் சூடாகி அளவு பொய் சொல்லும். பேப்பர், ஸ்க்ரூடிரைவர், ஒரு மீட்டர். அதை வச்சுக் குடும்பம் நடத்தியிருக்காங்க.

டைனமோவுக்குப் பெரிய குறை ஒண்ணு உண்டு. ஐடிலிங்ல அது ஒண்ணும் தராது. ரொம்ப வேகமாவும் சுத்த முடியாது, கம்யூட்டேட்டர் தாங்காது. ராத்திரி பூரா லைட்டும் வயர்லெஸ்ஸும் போட்டுக்கிட்டு நிக்கிற போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ், நின்னு நின்னு போற பஸ் இதுக்கெல்லாம் அது உதவாது. அமெரிக்காவுல 1940-கள்லயே லீஸ்-நெவில் கம்பெனி இந்த மாதிரி வண்டிகளுக்கு ஆல்டர்நேட்டர் செஞ்சு கொடுத்தாங்க. ஆனா ஆல்டர்நேட்டர் கொடுக்கறது ஏசி கரண்ட், பேட்டரிக்கு வேணுங்கறது டிசி. அதை மாத்த செலினியம் ரெக்டிஃபையர்னு தனியா ஒரு பெரிய தகட்டுக் கூட்டம் வண்டியில ஏத்தணும். சாதாரண காருக்கு இடமும் காசும் ஒத்து வரலை. சிலிக்கான் டயோடு மலிவானதும்தான் கதவு திறந்துது. 1960 மாடல் வேலியன்ட் காருக்கு கிரைஸ்லர் கம்பெனி ஆல்டர்நேட்டரையே வழக்கமான பொருளாப் போட்டுது. அடுத்த பத்து வருஷத்துல டைனமோ ஒதுங்கிடுச்சு. நம்ம ஊர் ரோட்டுல மட்டும் அதுக்கப்புறமும் ரொம்ப நாள் ஓடிக்கிட்டிருந்துது.

இப்ப ஒரு சுவாரஸ்யம். ஆல்டர்நேட்டருக்குள்ள ஆறு டயோடு இருக்கு. டயோடு ஒரு பக்கமாத்தான் கரண்ட்டை விடும். அதனால பேட்டரி கரண்ட் திரும்பிப் பாயாது, கட்அவுட்டுக்கு வேலை போச்சு. ஸ்டேட்டர் காயிலோட தன்மையினால ஆல்டர்நேட்டர் ஒரு அளவுக்கு மேல கரண்ட் தரவே தராது. கரண்ட் ரெகுலேட்டருக்கும் வேலை போச்சு. மூணு காவல்காரங்கள்ல ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியாச்சு. மிச்சம் இருக்கறது வோல்டேஜைப் பார்த்துக்கிற ஒரே ஒருத்தன். அவன் தூங்கினா அம்புட்டுதான். (இதுல இன்னொரு தமாஷ், கட்அவுட்டே இல்லாத ஆல்டர்நேட்டர் வண்டியில இருக்கற ரெகுலேட்டரையும் எங்க பக்கம் 'கட்அவுட்'னுதான் சொல்றாங்க. ஆள் போயும் பேரு போகலை.)

இங்கதான் நான் முன்னாடி சொன்ன கொடுமை ஆரம்பிக்குது. டைனமோ காலத்துல ஒரு டெஸ்ட் உண்டு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழட்டு. லைட் எரிஞ்சா டைனமோ வேலை செய்யுது, அணைஞ்சா இல்லை. ரெகுலேட்டர் பெட்டி போட்ட டைனமோ இதைத் தாங்கிக்கும். அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு, மேஸ்திரிகிட்டேர்ந்து பையனுக்குன்னு இந்த டெஸ்ட் இறங்கி வந்துது. ஆல்டர்நேட்டர் வந்தப்புறமும் அதையே செஞ்சாங்க. ஆல்டர்நேட்டர் முழு வீச்சுல கரண்ட் கொடுத்துக்கிட்டிருக்கும்போது பேட்டரியைப் பிடுங்கினா, அந்தக் காந்த சக்தி போக இடமில்லாம 24 வோல்ட் வண்டியில 100 வோல்ட்டுக்கு மேல ஒரு துள்ளல் துள்ளும். ஒரு செகண்டுல பாதிகூட இருக்காது, ஆனா டயோடும் ரெகுலேட்டரும் காலி. நல்லா இருந்த வண்டியை டெஸ்ட் பண்ணிக் கெடுத்த கதை. இன்னைக்கும் சில கடைகள்ல இது நடக்குது, பார்த்தா கையைப் பிடிச்சுத் தடுங்க.

இன்னொரு பழைய வித்தை, டைனமோவோட காந்தம் திசை மாறிட்டா ஒயரை ஒரு தட்டுத் தட்டி 'உயிர்' கொடுக்கறது. பல இங்கிலீஷ் வண்டிகள்ல பாசிட்டிவ் எர்த் வேற. ஆல்டர்நேட்டர்ல பேட்டரியை ஒரே ஒரு தடவை தலைகீழா மாட்டினா டயோடு எல்லாம் மொத்தமா எரியும். டைனமோகாரங்க அனுபவசாலிகள்தான், சந்தேகமே இல்லை. ஆனா அவங்க அனுபவம் வேற மெஷினோடது.

1960-கள்ல டிரான்சிஸ்டர் ரெகுலேட்டர் வந்துது. லூகாஸ் 4 டி.ஆர். மாதிரி. ஸ்பிரிங்குக்குப் பதிலா ஒரு ஜீனர் டயோடு, பாயிண்டுக்குப் பதிலா டிரான்சிஸ்டர். ஒட்டிக்கிற பாயிண்ட் இல்லை, தேயுற சமாச்சாரம் இல்லை. அப்பாடா, நோய் தீர்ந்துதுன்னு நினைச்சாங்க. ஆனா டிரான்சிஸ்டர் சூட்டுல கெட்டா பெரும்பாலும் ஷார்ட் ஆகும். ஷார்ட் ஆனா பீல்டுக்கு முழுக் கரண்ட். பழைய பாயிண்ட் ஒட்டிக்கிட்ட அதே நோய், புது வேஷத்துல. அப்புறம் ரெகுலேட்டரைச் சின்னதாக்கி ஆல்டர்நேட்டர் முதுகுலயே ஒட்ட வச்சாங்க. இன்ஜின் சூடு முழுக்க அது மேலதான். ஸ்க்ரூவைத் திருப்பி அட்ஜஸ்ட் பண்ற பேச்சே இல்லை, கெட்டா தூக்கிப் போடணும். பேப்பர் துண்டு எலக்ட்ரீஷியனுக்கு அன்னைக்கு பாதித் தொழில் போச்சு.

சூடுன்னதும் ஞாபகம் வருது. பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜ் வெயிலுக்குத் தகுந்த மாதிரி மாறும். ஒரு செல்லுக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு சுமாரா 4 மில்லிவோல்ட் குறைக்கணும். கேட்கச் சின்னதா இருக்கும். பன்னெண்டு செல், 20 டிகிரி வித்தியாசம்னு கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 1 வோல்ட் வந்துடும். நமக்கு மொத்த இடைவெளியே ஒரு வோல்ட்தான்னு மேல சொன்னேன் இல்லையா? குளிர் நாட்டுக்குச் சரியா வச்ச 28.5, சித்திரை வெயில்ல தார் ரோடு கொதிக்கும்போது இங்க ஓவர் சார்ஜ். நாமக்கல்லேர்ந்து கிளம்பி டிசம்பர் மாசம் வடக்கே காஷ்மீர் வரைக்கும் போற வண்டிக்கு ஒரே வாரத்துல ரெண்டு சீதோஷ்ணம். மூணாவது பிரஷைக் கோடைக்கும் குளிருக்கும் நகர்த்தி வச்சவன் முட்டாள் இல்லைங்க. நல்ல ரெகுலேட்டர்ல இந்தச் சூட்டுக் கணக்கை உள்ளேயே வச்சிருப்பாங்க. மலிவான டூப்ளிகேட்ல இருக்காது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஓவர் சார்ஜ் ஆகுற லாரியில கடைக்காரர் முதல்ல என்ன செய்வார்? ரெகுலேட்டரை மாத்துவார். பல நேரம் அதுவே சரி. சரியாகலைன்னா?

எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், சொந்தக்காரர்தான், நாமக்கல் பக்கம் ஒரு பழைய பத்துச் சக்கர வண்டி வச்சிருந்தார். ரெகுலேட்டர் தனியா வெளியில இருக்கற மாடல். பேட்டரி கொதிக்குதுன்னு ஹைவேயில ஒரு கடையில விட்டார். ரெகுலேட்டர் மாத்தினாங்க. சரியாகலை. இன்னொரு ரெகுலேட்டர். அப்புறம் ஆல்டர்நேட்டரே புதுசு. அப்பவும் கொதிச்சுது. "பேட்டரிதான் கோளாறு, ரெண்டையும் மாத்துங்க"ன்னு அடுத்த பில்லுக்கு அடி போட்டாங்க. கடை பேரு வேண்டாம், விடுங்க. அந்த வண்டி மேல வட்டிக் கடன் ஓடிக்கிட்டிருந்துது, ஒரு வாரம் நின்னதுல ஒரு தவணை போச்சு. ஊருக்கு ஓட்டி வந்து ஒரு வயசான எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டினார். அவர் ஸ்பேனரைக் கையில எடுக்கவே இல்லை. மீட்டரை மட்டும் எடுத்தார். இன்ஜினை 1500-ல நிறுத்தச் சொல்லி, பேட்டரி ரெண்டு முனையிலயும் பார்த்தார்: 30.1. அப்புறம் மீட்டரோட சிவப்பு முனையை ரெகுலேட்டருக்கு சப்ளை வர்ற ஒயர்ல வச்சுப் பார்த்தார்: 28.2.

"தம்பி, ரெகுலேட்டர் தங்கம். அது 28.2-ல சரியா நிறுத்தியிருக்கு. அதுக்கும் பேட்டரிக்கும் நடுவுல யாரோ ரெண்டு வோல்ட்டைத் திங்கறான்."

அந்த 'யாரோ' இக்னிஷன் சுவிட்ச். ரெகுலேட்டருக்கு சப்ளை அது வழியாத்தான் வருது, பீல்டு கரண்ட்டும் அதே ஒயர்லதான் போகுது. அது ரெண்டு மூணு ஆம்பியர் இருக்கும். சுவிட்சுக்குள்ள காண்டாக்ட் கருகி, ஒரு ஓம்கூட இல்லாத ரெசிஸ்டன்ஸ் அரும்பினாலே ஒரு வோல்ட், ரெண்டு வோல்ட் காணாமப் போயிடும். ரெகுலேட்டருக்கு எப்பவும் கம்மியாத் தெரியும், அது ஏத்திக்கிட்டே இருக்கும். ஆர்.பி. பெட்டியோட துருப்பிடிச்ச எர்த் ஸ்க்ரூ ஞாபகம் இருக்கா? அதேதான். அவர் பேப்பர் துண்டு காலத்து ஆள். டிரான்சிஸ்டர் பத்தி அவருக்கு அவ்வளவாத் தெரியாது, ஆனா பார்வை மங்குறதுன்னா என்னன்னு தெரியும். சுவிட்சை மாத்தினதும் 28.3. மத்த மூணு பில்லும் தண்டம்.

இதுக்கு அண்ணன் தம்பிங்க சிலதும் இருக்கு. சில ஆல்டர்நேட்டர்ல ரெகுலேட்டர் பீல்டோட எர்த் பக்கத்தைக் கட்டுப்படுத்தும். அந்த ஒயர் உரசி சேசிஸ்ல பட்டாலோ, பிரஷ் ஹோல்டர் உடைஞ்சு பாடியில ஒட்டினாலோ, ரெகுலேட்டர் வேடிக்கைதான் பார்க்கும். எத்தனை ரெகுலேட்டர் மாத்தினாலும் ஒண்ணும் நடக்காது. வெளி ரெகுலேட்டர் வண்டின்னா, நிறுத்தி வச்சு பீல்டு ஒயரைக் கழட்டிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம். சார்ஜ் அடியோட நின்னா ஆல்டர்நேட்டர் மேல தப்பில்லை, ரெகுலேட்டரோ ஒயரோதான். அப்பவும் சார்ஜ் ஏறினா தப்பு ஆல்டர்நேட்டருக்குள்ளயே.

மீட்டர் சரியா 28 காட்டும், ஆனா பேட்டரி கொதிக்கும். இது எப்படி? பன்னெண்டு செல்லுல ஒண்ணு உள்ளேயே ஷார்ட் ஆகிச் செத்திருந்தா, 28 வோல்ட்டையும் மிச்சம் பதினொண்ணு பங்கு போட்டுக்கும். ஆளுக்கு 2.5-க்கு மேல. ஆல்டர்நேட்டரைத் திட்டிப் புண்ணியமில்லை.

நம்ம ஊர் லாரிக்கே உரிய இன்னொரு ரகம் உண்டு. 24 வோல்ட் வண்டி, ஆனா டேப் ரெகார்டர் 12 வோல்ட். ராஜா பாட்டு இல்லாம விராலிமலையைத் தாண்ட முடியுமா? என்ன செய்வாங்க, ரெண்டு பேட்டரியில ஒண்ணுல மட்டும் ஒயரைக் கொக்கி போட்டு எடுத்துக்குவாங்க. பின்னால செல்போன் சார்ஜரும் அதே வழியில சேர்ந்துக்கிச்சு. அந்த ஒரு பேட்டரி மட்டும் தினமும் காலியாகும். அது சோர்ந்து 12.6-ல நிக்கும்போது, மொத்தம் 28-ஐக் காப்பாத்துற ரெகுலேட்டர் மிச்சத்தை எல்லாம் இன்னொண்ணு தலையில கட்டும். 28-ல 12.6 போனா 15.4. பாட்டுக் கேட்ட பேட்டரி பட்டினி கிடக்கும், சும்மா இருந்த பேட்டரி கொதிக்கும். ரெண்டும் ஒரே வண்டியில, பக்கத்துப் பக்கத்துல. ரெகுலேட்டர் பார்க்கறது மொத்தத்தை மட்டும், தனித்தனியா அதுக்குத் தெரியாது. 24-லேர்ந்து 12-க்கு மாத்துற ஒரு சின்ன கன்வெர்ட்டர் வாங்கிப் போட்டிருந்தா முடிஞ்சிருக்கும். நடுவுல டேப் அடிக்கக் கூடாதுன்னு யாரும் டிரைவருக்குச் சொன்னதில்லை, பேட்டரி கம்பெனியைத்தான் எல்லாரும் திட்டினாங்க.

பல்பு விஷயம் சொல்லிடறேன். பழைய ஃபிலமென்ட் பல்புக்கு வோல்டேஜை 5 சதவீதம் ஏத்தினா ஆயுசு கிட்டத்தட்ட பாதியாகும். அதனாலதான் ஓவர் சார்ஜ் வண்டியில முதல்ல பல்பு போகுது. 'பல்பு கம்பெனி சரியில்லை'ன்னு மாத்தி மாத்தி வாங்குற ஓனர், பத்து நிமிஷம் மீட்டரை வச்சுப் பார்க்கலாம்.

முன்னெல்லாம் ஓவர் சார்ஜுக்குப் பலி பல்பும் பேட்டரியும்தான். 2020 ஏப்ரல் 1-லேர்ந்து வந்த பி.எஸ். 6 வண்டிகள்ல இன்ஜினையே கம்ப்யூட்டர் பார்த்துக்குது, புகைக்குழாய்க்கு யூரியா கரைசல் ஊத்துறதுக்கும் ஒரு பெட்டி, சென்சார் ஏகத்துக்கும். 32 வோல்ட் ஓடினா என்னென்ன போகும்னு நினைச்சா வயித்தைக் கலக்குது. இப்ப வர்ற ஆல்டர்நேட்டர்கள்ல பலது தானா முடிவு எடுக்கறதில்லை. லின்னு சொல்ற ஒத்தை ஒயர் வழியா இன்ஜின் கம்ப்யூட்டர் "இப்ப இவ்வளவு வோல்ட் கொடு"ன்னு உத்தரவு போடும். இறக்கத்துல கொஞ்சம் ஏத்தும், ஏத்தத்துல இறக்கி இன்ஜின் பாரத்தைக் குறைக்கும். அதனால மீட்டர் ஒரு நிமிஷம் 29 காட்டினதும் 'ஓவர் சார்ஜ்'னு கத்த முடியாது, அது கேட்டு வாங்கின 29-ஆ இருக்கலாம். ஸ்கேனரை மாட்டி, கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவுன்னு ரெண்டையும் ஒப்பிட்டாத்தான் தெரியும்.

இதுல எனக்குப் பிடிச்ச ஒரு சின்ன ஏற்பாடு இருக்கு. அந்த ஒத்தை ஒயர் அறுந்து, கம்ப்யூட்டர் குரல் கேட்காமப் போச்சுன்னு வைங்க. ஆர்.பி. பெட்டியா இருந்தா கண்ணைக் கட்டிக்கிட்டு முழு வீச்சுல கொட்டியிருக்கும். இது அப்படிச் செய்யாது. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்துட்டு, பேட்டரிக்குப் பாதகமில்லாத ஒரு நிலையான வோல்டேஜுக்கு வந்து, யாரோ வந்து ஒயரைச் சரி பண்ற வரைக்கும் அங்கேயே நின்னுக்கும்.